ரெஜாய் கையில் உன் முகத்தைக் கொடுக்க மாட்டேன்

நாசில்லி
செவ்வாய்க்கிழமை காலை

யார் சவரம் செய்தால் என்ன என்றா கேட்கிறாய்? இதை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது துன்ஜெர்? யார் லாரி ஓட்டினால் என்ன, யார் மூட்டை தூக்கினால் என்ன என்கிற விஷயமா இது? உன் மாப்பிள்ளைச் சவரமடா. உன் அப்பனுக்குக் கடைத்தெருவில் ஒரு சவரக்கடை இருக்கிறது, கடையில் நாற்காலி இருக்கிறது, இன்னும் நாற்பதுகூட ஆகாத அவனுக்குக் கை நடுங்கவில்லை, கண் மங்கவில்லை. அவனை ஓரமாக நிறுத்திவிட்டு எதிர்க்கடை ரெஜாய் வந்து உன் கன்னத்தில் கத்தி வைப்பானாம், நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். அது போதாதென்று, உங்களுக்குள் சண்டை வேண்டாம், நானே மின்சார மெஷின் கொண்டுவந்து இழுத்துக்கொள்கிறேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். மெஷினா? அப்புறம் மேளக்காரன் எதைப் பார்த்து வாசிப்பான், பிளக்கைப் பார்த்தா?

சரி, கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன், பின்னால் நின்று உன் அம்மா முறைக்கிறாள். அல்லா உன்னை அந்தத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே கோடையிலும் மழையாம், ஈரத் தலையோடு வெளியே போகாதே, விடுதிச் சாப்பாட்டில் என்ன இறைச்சி என்று கேட்டுவிட்டு வாயில் வை. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது, வாய் வலிக்கவில்லை. கொல்லை அத்திமரம் காய் பிடித்திருக்கிறது, ஆகஸ்டில் நீ வரும்போது பழுத்துவிடும். குல்தென் போன வாரம் வந்து அம்மாவோடு உட்கார்ந்து தலையணை உறைக்குப் பூ வேலை செய்துவிட்டுப் போனாள். நல்ல பெண். அவள் அப்பா, உன் வருங்கால மாமனார் வாஹித்தைப் பற்றி நினைத்தால்தான் பல்லைக் கடிக்கிறேன்.

அவர் உனக்கு ஒரு விதமாக எழுதியிருக்கிறார், நீ என் பக்கத்தைக் கேட்டிருக்கிறாய். கேட்டாயே, அதுவரை சந்தோஷம். கேட்டுக்கொள். எண்ணெய் ஆலைக்காரர் முனீரின் மகன் செலாமிக்குக் கல்யாணம் வைத்தார்கள். முனீரைத்தான் தெரியுமே உனக்கு, ஒரு பொருளை வாங்குவதைவிட வாங்கியதை ஊருக்குக் காட்டுவதுதான் அவருக்கு முக்கியம். கடைக்கு வந்து நின்று, தொழிலில் பெரியவனைக் கூப்பிடுகிற மரியாதையோடு, "உஸ்தா, எம் பையன் மூஞ்சியில வேற எவன் தாடியும் பட்ட கத்தி படக்கூடாது. உங்க பையன் ஜெர்மனியிலதானே இருக்கான், புதுசா ஒண்ணு வரவழைங்க, எல்லார் முன்னாடியும் பெட்டியைப் பிரிக்கணும்" என்றார். அதனால்தான் உனக்கு எழுதினேன். நான் கேட்டது என்ன? ஸோலிங்கன் சவரக்கத்தி ஒன்று. நீ இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். கறுப்புப் பிடி போதும், தங்க எழுத்து வேண்டாம், படம் வேண்டாம், வாங்கியதைத் திறக்காமல் அப்படியே அனுப்பு. திறக்காமல் என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டேனா இல்லையா? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான் நான், ஆனால் கோடு நேராகத்தான் போட்டேன்.

கல்யாண நாள் காலைவரை கத்தி வரவில்லை. நீ யார் கையில் கொடுத்தனுப்பினாயோ அந்த யாஷாரின் ரயில் பல்கேரியாவில் எங்கோ படுத்துவிட்டதாம். இங்கே காபிக்கடை வாசலில் நாற்காலி போட்டாயிற்று, மேளமும் ஸுர்னாக் குழலும் தொடங்கியாயிற்று, செலாமி கழுத்தில் துண்டும் முகம் நிறைய நுரையுமாக உட்கார்ந்துவிட்டான். அப்போது யாஷார் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். முனீர் பிடுங்கினார், பிரித்தார், கத்தியை எல்லோருக்கும் காட்டி, "ஜெர்மன்காரன் கத்தி! நம்ம உஸ்தா மகன் துன்ஜெர் அனுப்பியிருக்கான்!" என்று கூவினார். ஊரே கைதட்டியது. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். கத்தி கண்ணாடி மாதிரி மின்னியது. தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்தேன். மயிரில் வைத்துச் சோதித்துப் பார்க்க அங்கே எங்கே நேரம், மேளக்காரன் என் காதுக்குள்ளே நின்று அடிக்கிறான்.

வலது கிருதாவுக்குக் கீழே வைத்து இழுத்தேன். நல்ல கத்தி நுரைக்குள் போகும்போது ஒரு சத்தம் வரும், சூடான இரும்புச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி மெல்லிய சீறல். இதில் வந்தது கோணிப்பை கிழிகிற சத்தம். செலாமி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான். நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளைச் சவரத்தில் சவரக்காரன் பாதியில் கத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றால் என்ன செய்வார்கள்? கத்திக்குக் கூலி போதவில்லை என்று தோழர்கள் துண்டில் நோட்டைச் செருகுவார்கள், அதுதானே காலங்காலமாக நடக்கிறது. செருகினார்கள். ஹோவென்று கத்தினார்கள். மறுபடி இழுத்தேன், இரண்டு இடத்தில் ரத்தம் முத்துக் கோத்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி நோட்டு, இன்னும் பெரிய ஹோ. "ஐயா, இது கூத்து இல்லய்யா, கத்தி சரியில்லை" என்று வாய்விட்டே சொன்னேன். "உஸ்தா இன்னிக்கு நம்மளை மொட்டையடிக்காம விடமாட்டாருடா, மாமா பையையும் தடவுங்கடா" என்று ஒருத்தன். "சத்தியமாடா!" என்று நான் கத்துகிறேன், முனீர் வந்து என் வாயிலேயே ஒரு நோட்டைச் செருகிவிட்டுப் போகிறார். செலாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. அவன் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பாருங்கடி, செத்துப்போன அம்மாவை நெனச்சுப் புள்ள அழுவுது" என்று தானும் அழுது, நாலு பேரையும் சேர்த்து அழ வைக்கிறாள்.

என் பையில் என் பழைய கத்தி இருந்தது. எடுத்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். எடுத்தால் என்ன ஆகும்? துன்ஜெர் அனுப்பியது வெறும் தகரம் என்று முனீர் அதே இடத்தில் அதே தொண்டையில் கூவியிருப்பார். உன் பெயரைச் சொல்லித்தானே கூவினார்? அதனால் எடுக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அங்கே இருந்தவர்களில் ஒரே ஒருத்தனுக்குத்தான் விஷயம் புரிந்தது. ரெஜாய். ஓரமாக நின்று சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தவன் என் மணிக்கட்டைப் பார்த்தான், துப்புவதை நிறுத்தினான். நானும் அவனும் சின்ன வயதில் ஒரே கடையில் ஒரே பிரஷ்ஷைக் கழுவியவர்கள், நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தேன், அவனைப் பள்ளிக்கூடம் விட்டது. கத்தி இழுக்கிறதா மழிக்கிறதா என்று தோளைப் பார்த்தே சொல்வான். கையை விரித்துக்கொண்டு ஜெய்பெக் ஆடியபடியே வட்டத்துக்குள் வந்தான். ஆட வந்தவனுக்கு வழி விட்டார்கள். நாற்காலியை ஒரு சுற்று சுற்றி, என் முன்னால் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி எழுந்தான், கையிலிருந்த கைக்குட்டை என் கை மேல் விழுந்தது, எடுக்கும்போது என் கையில் இருந்தது அவன் கத்தி. உன் கத்தி அவன் இடுப்புக்குப் போய்விட்டது. இரண்டும் கறுப்புப் பிடி, ஒருத்தனும் பார்க்கவில்லை. மீதி முகத்தை அந்தக் கத்தியால் வழித்தேன், வெண்ணெய் மாதிரிப் போனது. படிகாரம் தடவி, எலுமிச்சைக் கொலோன் ஊற்றி, உடம்புக்கு ஆகட்டும் என்று சொல்லி செலாமியை எழுப்பினேன்.

அந்த நேரத்தில் அவன் காலில் விழுந்திருப்பேன், அது உண்மை. நீ உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாயே, ரெஜாய் சித்தப்பா நம் மானத்தைக் காப்பாற்றினாரே என்று. காப்பாற்றினான்! மறுநாள் பொழுது விடியும்வரை காப்பாற்றினான். காலையில் காபிக்கடைக்குப் போகிறேன், அவன் நடுவில் நின்று ஆடிக் காட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு நாற்காலியைச் செலாமியாக வைத்து, என்னை மாதிரிக் கத்தியைத் தூக்கிக்கொண்டு முழித்து, செலாமி மாதிரிக் கண்ணைப் பிழிந்து, அத்தை மாதிரி அழுது, கடைசியில் தானே தனக்குக் கைக்குட்டையைப் போட்டுக்கொள்கிறான். "அந்த மூஞ்சியில பாதி என்னோடது" என்கிறான். உதவி செய்கிறவனுக்குக் கை மட்டும் இருந்தால் போதாதா, வாய் எதற்கு? என்னைப் பார்த்ததும் அடங்கினானா? இல்லை. "வாடா ஸித்கி, உன்னைப் பத்திதான் பேசிட்டிருக்கோம். நீ லாரி ஓட்டினே, தர்பூசணி வித்தே, சினிமாக் கொட்டாய் நடத்தினே, நடுநடுவுல வந்து சவரமும் பண்ணிப் பாக்கிறே. சவரக்கடையில நீ விருந்தாளிடா" என்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்த ஷாபான் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

அங்கேதான் வாஹித்தும் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். மீசையைத் தடவிக்கொண்டு, "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. ஆகஸ்ட்ல நம்ம வீட்டு வாசலுக்கு மாப்பிள்ளை வரும்போது மூஞ்சியில பஞ்சு ஒட்டிக்கிட்டு வரக்கூடாது. எங்க பக்கத்துப் பொம்பளைங்க பாப்பாங்க. சவரத்தை ரெஜாய் பண்ணட்டும், நீங்க அப்பா இல்லையா, ராஜா மாதிரி உக்காருங்க" என்றார். ராஜா மாதிரியாம்! என் பிள்ளையின் முகத்தை எனக்குத் தெரியாதா? உன் மோவாயின் இடது பக்கம் மயிர் சுழி போட்டு மேலே ஏறும், நீ அத்திமரத்திலிருந்து விழுந்த தழும்பு தாடைக்கு அடியில் இருக்கிறது, அங்கே கத்தியைப் படுக்கப் போட்டுத்தான் போக வேண்டும். ரெஜாய்க்கு அது தெரியுமா? நீ பிறந்தபோது எனக்கே மீசை முழுதாக முளைக்கவில்லை. உன் முதல் மீசையை எடுத்தது யார்? அன்று நீ அசையாமல் உட்கார வேண்டுமே என்று கதை சொன்னது ரெஜாயா?

கோபத்தில் எனக்கு வார்த்தை ஒரேயடியாக வந்தது. "டேய் ரெஜாய், என் நாற்காலியில வந்து உக்காரு. இதே கத்தி, எம் மகன் அனுப்பின கத்தி. ஒரு மயிரை அது இழுத்தா சவரம் உன்னோடது, நான் நுரைக் கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இழுக்கலேன்னா நான் பண்றேன், நீ கோப்பையைப் பிடி" என்றேன். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "இந்தக் கழுத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்குடா" என்றான். வாஹித்தைச் சாட்சியாக வைத்தோம். அந்த நாள் இன்றுதான், நடுப்பகல் தொழுகைக்குப் பிறகு. அவன் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கத்தி விஷயத்துக்கு வருகிறேன், நீ தப்பித்தோம் என்று நினைக்காதே. அன்றே ரெஜாயிடமிருந்து அதைத் திரும்ப வாங்கி வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூர் ஓரம் முழுக்கப் புறாக் கழுத்து மாதிரி நீலம் ஓடியிருந்தது. யாஷாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பெருமையாகச் சொல்கிறான், "ஆமாண்ணே, அப்பாவுக்கு வேலை மிச்சமாகட்டும்னு துன்ஜெரே ஃபாக்டரி சக்கரத்துல வச்சுத் தீட்டினான். பொறி எப்படிப் பறந்துச்சு தெரியுமா!" பொறி பறந்ததாம். சவரக்கத்தியில் பொறி பறந்தால் அதன் உயிரல்லவா பறக்கிறது? நீ தீட்டவில்லையடா, சாணை பிடித்திருக்கிறாய். கோடரிக்குச் செய்வதைச் சவரக்கத்திக்குச் செய்திருக்கிறாய். அந்த ஓரம் காகிதத்தைவிட மெல்லிசு, சக்கரத்தில் பட்ட கணத்தில் வெந்துவிடும், வெந்த எஃகுக்குப் பதம் கிடையாது. மேலே மின்னும், அடியில் ஈயம். சவரக்காரன் வீட்டில் பிறந்து, தோல்வாரைத் தொட்டிலாக ஆட்டி வளர்ந்து, நீ போய் இதைச் செய்திருக்கிறாய். அப்பாவுக்கு வேலை மிச்சமாகட்டுமாம். எனக்கு எத்தனை வேலை மிச்சமானது பார்.

முதலில் அந்த வெந்த ஓரத்தைக் கொல்ல வேண்டியிருந்தது. டீக் கிளாஸைக் கவிழ்த்து அதன் அடி விளிம்பில் கூரை இழுத்து இழுத்து, நீலம் போகும்வரை மழுக்கினேன். பிறகு அத்திமர நிழலில் உட்கார்ந்து சொரசொரப்புக் கல்லில் தண்ணீர் விட்டுத் தொடங்கினேன். முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும், முதுகு தூக்கினால் எல்லாம் போச்சு. கல்லின் மேல்தோலைச் சீவி எடுக்கிற மாதிரி கூர் முன்னால் போக வேண்டும், முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்டித் திரும்ப வேண்டும். அழுத்தக் கூடாது, கத்தியின் எடையே போதும். உனக்குப் பொறுமை இருந்திருந்தால் இதைச் செய்திருப்பாய், பொறுமை என் பக்கத்திலிருந்து உனக்கு வரவில்லை, அதுவும் தெரியும். கட்டைவிரல் சதையில் குறுக்கே வைத்தால் நகராமல் கவ்வும்வரை அந்தக் கல், அதற்கு மேல் வழவழப்பான கிரீட் கல், ஆலிவ் எண்ணெய் விட்டு. எண்ணெய் கறுக்கும், துடை, மறுபடி விடு. நடுவில் ஒரு நாள் மயிரைச் சட்டென்று வெட்டியது, முடிந்தது என்று துள்ளினேன், வாரில் நாலு இழுப்புக்குப் பிறகு பார்த்தால் வெட்டவில்லை. அது கூர் இல்லை, பிசிறு. வெறும் பிசிறு ஏமாற்றியிருக்கிறது. கல்லைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தேன், உன் அம்மா எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். "கல்யாணம் பையனுக்கா கத்திக்கா?" என்றாள். சோதித்துப் பார்க்க அவள் தலையிலிருந்துதான் ஒவ்வொரு மயிராக வாங்கினேன். "இன்னும் எத்தனை வேணும்? சம்பந்தி வீட்டுக்கு நான் மொட்டையா வரட்டுமா?" என்கிறாள். நேற்று சாயங்காலம் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக் கூர் மேல் தொங்கவிட்டேன், இழுக்கவே இல்லை, பட்டதும் பாதி மயிர் சத்தமில்லாமல் அவள் மடியில் விழுந்தது. அவள் அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு துணிவார், தோல்வார். வாரில் முதுகு முன்னால், கூர் பின்னால் வர வேண்டும், கல்லில் செய்ததற்கு நேர்மாறு. இதையும் நீ தலைகீழாக வைத்திருப்பாய், சந்தேகமே இல்லை.

இனிமேல் உன் வாழ்நாளில் யாராவது உன்னைக் கத்தி வாங்கச் சொன்னால், கேள். கடைக்காரன் பெட்டி மேல் பெட்டியாக எடுத்துப் போடுவான், தங்கம் பூசியதைத்தான் முதலில் காட்டுவான், உன்னை மாதிரி வெளியூர்ப் பையன்களைப் பார்த்தால் இன்னும் மஞ்சளாகக் காட்டுவான். கத்தியை விரித்து அவன் கண்ணாடி மேஜையில் படுக்க வை. முதுகும் கூரும் முழுசாகப் படிய வேண்டும், நடுவில் வெளிச்சம் ஒழுகினால் வளைந்த கத்தி, வைத்துவிட்டு நட. மூடிப் பார், இரண்டு பிடிக்கும் நடுவில் போய் உட்கார வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் வேண்டாம். அலகை நகத்தால் சுண்டிவிடு, மணி மாதிரி நீளமாக ஒலிக்க வேண்டும், தட் என்று நின்றால் வேண்டாம். வாங்கியவுடன் மழிக்கலாம் என்று கடைக்காரன் சொல்வான். தலையாட்டிவிட்டு வா. நம் நாற்காலியில் எந்த முகம் உட்காரும், நம் வீட்டில் எந்தக் கல் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. இவ்வளவும் பார்த்து நீ நல்ல கத்தியைத்தான் வாங்கியிருந்தாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நல்ல எஃகை நான் தொட்டே பல வருடம் ஆயிற்று. அதைப் போய்ச் சக்கரத்தில்

ரெஜாய் வருகிறான். தெருவைக் கடக்கிறான். முகத்தில் முள்ளம்பன்றி. சொந்தக் கடை வைத்துக்கொண்டு இத்தனை நாள் மழிக்காமல் வேண்டுமென்றே வளர்த்திருக்கிறான் திருட்டுப்பயல். பேனாவை வைக்கிறேன்.

மறுபடி எழுதுகிறேன். எழுத்து சின்னதாக இருந்தால் மன்னித்துக்கொள், பேனா சத்தம் கேட்கக் கூடாது.

வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. தண்ணீர் சூடு போதாது, நுரை தண்ணி, நாற்காலி முதுகு சரியில்லை, "உன் பிரஷ்ஷுல பன்னி மயிரா கழுதை மயிராடா?" நான் நுரையைக் குழைத்துக்கொண்டே இருந்தேன். தோலை விரலால் இழுத்துப் பிடித்து, வலது கிருதாவுக்குக் கீழே, செலாமிக்கு வைத்த அதே இடத்தில் வைத்தேன். அந்தச் சீறல் வந்தது. நானும் கேட்டேன், அவனும் கேட்டான். "ம்" என்றான். பிறகு, "கழுத்துல பாக்கலாம்" என்றான். கன்னத்தில் இரண்டாவது இழுப்பில், "வாஹித் வரலியா இன்னும்?" என்றான். தாடை எலும்பு திரும்பும்போது, "போன வருஷம் எங்க மச்சானுக்கு..." என்று எதையோ தொடங்கினான். முடிக்கவில்லை. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கத்தியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் முதலில் கவனிக்கவில்லை. கழுத்துக்காக மோவாயைத் தூக்கினேன், தலை கல் மாதிரிக் கனத்தது. வாய் திறந்திருந்தது. தூங்கிவிட்டான் துன்ஜெர்! இந்த நாற்காலியில் வந்து ஒரு மயிரைப் பிடித்துக் குற்றம் கண்டுபிடிக்க வந்தவன், கத்தி தொண்டையில் இருக்கும்போது தூங்கிவிட்டான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எத்தனை நாள் உட்கார்ந்து தீட்டினேன், ஒரு நிமிடம் விழித்திருந்து பார்க்கக்கூட இவனுக்கு மரியாதை இல்லையா?

வலது பக்கம் முழுக்கவும் கழுத்தும் முடித்துவிட்டேன், ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. இடது கன்னத்தைத் தொடவில்லை. எழுப்பிவிட்டால் தூங்கவே இல்லை என்று சாதிப்பான், அவனை எனக்குத் தெரியாதா? ஜன்னல் வழியாக ஷாபானுக்குச் சைகை காட்டினேன். அவன் எட்டிப் பார்த்தான், தட்டோடு அப்படியே திரும்பி ஓடினான். இப்போது காபிக்கடை முழுக்க என் கடைக்குள் நிற்கிறது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சு விடாமல், ஒருத்தன் இருமல் வந்து வாயில் தொப்பியைத் திணித்துக்கொண்டிருக்கிறான். நடுவில் ரெஜாய் குறட்டை விடுகிறான். வாஹித் வந்தார். குனிந்து பார்த்தார். புறங்கை விரலால் அவன் வலது கன்னத்தைக் கீழிருந்து மேலாக, மயிர் முளைக்கிற திசைக்கு எதிராக, மெதுவாகத் தடவினார். இன்னொரு தடவை தடவினார். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஆகஸ்ட்ல நீங்களே பண்ணுங்க சம்பந்தி. கோப்பையை இவன் பிடிப்பான்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்று காபிக்கடையில் சொன்னதை அவ்வளவு சுலபமாக மறந்துவிடுவேன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. மறக்க மாட்டேன், ஆனால் குல்தெனுக்காக டீ வாங்கிக் கொடுக்கிறேன்.

அதனால் கேள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தாடியைத் தொடாதே. மெஷினை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு, எல்லையைத் தாண்டி அது உன் பையில் வந்தால் உன்னையும் அதையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். ஃபாக்டரியில் அந்தச் சக்கரத்தின் பக்கம் வேலை இல்லாதபோது போகாதே. ரயிலில் வழியில் இறங்கித் தண்ணீர் குடிக்காதே. உன் அம்மா உன் இரண்டு கண்களிலும் முத்தமிடுகிறாள், நானும்தான். கோபமாக இருக்கிறேன், ஆனாலும் முத்தமிடுகிறேன். அல்லா உன் வழியைத் திறந்து வைக்கட்டும், உன் கைக்குப் பொறுமை கொடுக்கட்டும்.

யாரோ சிரித்துவிட்டான். ரெஜாய் கண்ணைத் திறந்து இத்தனை பேரையும் பார்த்துவிட்டு, "கண்ணைத்தான் மூடியிருந்தேன், என்னடா இது!" என்று ஆரம்பித்துவிட்டான். கடையே அதிருகிறது. இடது கன்னத்தில் நுரை காய்கிறது, நான் போகணும்.

உன் அப்பா
ஸித்கி